எதிர்பார்த்தல்

நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். அப்பெயர் பூண்ட நாஞ்சில் நாட்டில், சித்திரையில் கன்னிப்பூவுக்கு விதைத்த உழவர் இடவப்பாதி மழையை எதிர்பார்த்திருப்பர். 1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பெற்ற பின்னரும் அவ்வெதிர்பார்ப்பு நீங்கவில்லை. அணையை நிரப்புவதும் மழையே அன்றோ? ஆனால், அறுத்த கதிர் களத்தில் கிடக்கும்போது வானில் கருமுகில் திரண்டால், அதே உழவர் மழையை எதிர்பார்ப்பதாகக் கூறார். 'மழை வந்துவிடுமோ' என்று அஞ்சுவர். மழை ஒன்றே, அதனை நோக்கும் உள்ளம் வேறு. உள்ளம் வேறாகவே சொல்லும் வேறாயிற்று.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்ட்' என்னும் வினைச்சொல் இவ்விரு நிலைக்கும் பொதுவாக வழங்குகிறது. அது வெளியே நோக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் எதிர்பார்த்தலும் நோக்குதலின்பாற்பட்டதே. பிறப்பால் இரண்டும் ஒத்தவை, வழக்கால் வேறுபட்டவை. ஆங்கிலச் சொல், வருவது நன்மையோ தீமையோ என்று பாராது, அது வரும் என்று கருதுவதையே உணர்த்தும். செய்தே தீரவேண்டிய கடமையையும் சிலவிடத்துக் குறிக்கும்.

1805-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், டிரபால்கர் கடற்போர் தொடங்குமுன், ஒவ்வொரு வீரரும் தம் கடமையைச் செய்வர் என்று இங்கிலாந்து நம்புவதாகக் கொடிகளால் அறிவிக்க விரும்பினார் படைத்தலைவர் நெல்சன். அவர் கருதிய சொல்லுக்குத் தனிக் கொடிக்குறி இல்லை, எழுத்தெழுத்தாகவே காட்டவேண்டும். ஆதலால், குறி காட்டும் அலுவலர் பாஸ்கோ, அவர் இசைவுடன் 'எக்ஸ்பெக்ட்' என்னும் சொல்லை அமைத்தார். நம்பிக்கையாகப் பிறந்த செய்தி கட்டளையின் சாயலைப் பெற்றது.

தமிழில் எதிர்பார்த்தல் விருப்பத்தோடு கூடியது. வந்த விருந்தினரைப் போற்றி, இனி வருவார்க்காக வழிபார்த்திருக்கும் இல்லறத்தானை வள்ளுவர் சிறப்பிக்கிறார். பிரிந்த தலைவன் வருவான் என ஆற்றியிருத்தலை முல்லைத் திணைக்கு உரிப்பொருளாக்கினர் முன்னோர். 'எதிர்பாராத இடர்' என்னும் வழக்கு உண்டே எனின், அதுவும் பொருந்துவதே; இடரை எவரும் எதிர்பார்ப்பதில்லை அன்றோ?

இந்நுட்பத்தை மறந்து, 'பெருஞ்சேதம் எதிர்பார்க்கப்படுகிறது', 'புயல் எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுவது இன்று பெருகிவிட்டது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. கரையில் நின்ற தாயரும் மனைவியரும் நாள்தோறும் எதிர்பார்த்தது எதனை? தம்மவர் வருகையை. அவர்தம் ஏக்கத்துக்குரிய சொல்லை அப்புயலுக்கும் சூட்டுதல் தகுமோ?

சொற்பொருள் காலப்போக்கில் விரியும் என்பர் சிலர். உண்மையே, ஆயினும் விரிதல் வேறு, மழுங்குதல் வேறு. புயல் வரக்கூடும் எனலாம். சேதம் நேருமென அஞ்சப்படுகிறது எனலாம். மாணவர் காலந்தவறாது வருதல் வேண்டும் எனலாம். மூன்றும் எளிய தமிழே.

பிறமொழிச் சொல்லைப் பெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன், அதனைச் சொல்வோரின் உள்ளத்தை நோக்குக. அஞ்சுவதை அஞ்சுவதாகவும் விரும்புவதை விரும்புவதாகவும் கூறும் மொழியே, கேட்போரை உரிய காலத்தில் விழிப்படையச் செய்யும்.