வீடு உங்களுடையது, முகப்பு யாருடையது?

சொந்த வீடு. வெளிச்சுவர்ப் பலகை உளுத்துப்போய் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கைக்கு எட்டும் விலையில் ஒன்றை வாங்கி மாற்றப் போகிறீர்கள். "அது கூடாது, பழையபடி மரத்தில்தான் போட வேண்டும்" என்று நகராட்சி சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் பழைய ஊர்களில் அடிக்கடி நடக்கிற சண்டை இது.

அங்கே மர வீடுகள் அதிகம். சுவரின் வெளிப்பக்கம் நீளமான பலகைகளை மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அடித்திருப்பார்கள். மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இதற்கு 'சைடிங்' என்று பெயர். ஆனால், சில வருடங்களுக்கு ஒருமுறை சுரண்டி பெயின்ட் அடித்தாக வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு அது விஷம். அதனால் சுரண்டுவதற்கே தனிப் பாதுகாப்பு வேண்டும், கூலியும் ஏறும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் வினைல் சைடிங். நம் வீட்டு பி.வி.சி. பைப் இருக்கிறதே, அதே பிளாஸ்டிக். விலை குறைவு, பெயின்ட் செலவு கிடையாது. நடுத்தரக் குடும்பங்கள் அதைத் தேடிப்போனதில் ஆச்சரியமில்லை.

வீடு 'பாரம்பரியப் பகுதி'க்குள் இருந்தால்தான் சிக்கல். இப்படியொரு பகுதியை வரையறுத்து முதலில் சட்டம் போட்டது சார்ல்ஸ்டன் நகரம், 1931-ல். இன்று பல ஊர்களில் இது உண்டு. தெருவிலிருந்து கண்ணில் படுவதை மாற்ற, ஊரின் பாரம்பரியக் குழு அனுமதிக்க வேண்டும். பல குழுக்கள் வினைலுக்குத் தலையாட்டுவதில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் அடுக்குமாடி கட்ட அனுமதி மறுத்ததை எதிர்த்து உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது.

குழு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பலகை, மெதுவாக வளர்ந்த காட்டு மரத்தில் அறுத்தது. இன்றைய மரத்தைவிடக் கெட்டி. அதன்மேல் வினைலைப் போர்த்தினால், உள்ளே புகுந்த ஈரம் காயாமல் மரம் கண்ணுக்குத் தெரியாமலே அழுகலாம். மரத்தில் இன்னொரு வசதி, கெட்ட பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். நாலு பலகை உளுத்ததற்கு வீட்டையே போர்த்த வேண்டியதில்லை.

ஆனால், வீட்டுக்காரரின் கேள்வியும் நேரானது. "தெருவின் அழகை ஊரே ரசிக்கிறது. பில் மட்டும் ஏன் என் பெயரில்?"

பழமை கெடாமல் புதுப்பித்தால் மத்திய அரசு 20 சதவிகித வரிச்சலுகை தருகிறது. ஆனால் அது வாடகையோ வியாபார வருமானமோ தருகிற கட்டடங்களுக்கு. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இல்லை. சில மாநிலங்கள் தனியாக உதவுகின்றன. 'கட்டுப்படியாகவில்லை' என்று விலக்கு கேட்கவும் பல ஊர்களில் வழி உண்டு. அதற்கு வருமானக் கணக்கையும் செலவு மதிப்பீட்டையும் குழுவின் முன் விரித்து வைக்க வேண்டும். பென்ஷனில் வாழும் முதியவருக்கு அது எவ்வளவு கூச்சம்!

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வலி ஒன்றல்ல. வசதியானவர் மரம் வாங்கிப் பூட்டிவிடுவார். வசதியில்லாதவர் வீட்டை விற்றுவிட்டுப் போவார். பலகையைக் காப்பாற்றி, பரம்பரையாக அங்கே வாழ்ந்த குடும்பத்தைத் துரத்தினால், எதைக் காப்பாற்றியதாக அர்த்தம்? அழகு ஊருக்குச் சொந்தமென்றால் செலவிலும் ஊருக்குப் பங்கு வேண்டும். மானியமோ வட்டியில்லாக் கடனோ கொடுக்கட்டும். தெருவில் தெரியாத பின்சுவருக்கு மலிவான பொருளை அனுமதிக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் அங்கே பழைய வீடு பார்க்கிறார்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தெரு பாரம்பரியப் பகுதிக்குள் வருகிறதா என்று நகராட்சியில் கேட்கச் சொல்லுங்கள். தேசியப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் சொந்தச் செலவில் மாற்றத் தடை வராது. கையைக் கட்டுவது உள்ளூர்ச் சட்டம்தான்.