பிள்ளைகளுக்கு வேலி எங்கே?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் நடைபெறும் 25 நாட்களிலும் ஒலிபெருக்கியிலே அடிக்கடி கேட்கும் அறிவித்தல் ஒன்றுண்டு. இன்ன நிறச் சட்டை அணிந்த, இன்ன வயதுப் பிள்ளை பெற்றாரைத் தவறவிட்டு நிற்கின்றது. உரியவர் வந்து அழைத்துச் செல்க என்பதே அது. இதற்கு அஞ்சியே நம் தாய்மார் தேருக்குப் புறப்படுமுன் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பர். உன் பெயர் என்ன? அப்பாவின் பெயர் என்ன? எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? அம்மாவின் தொலைபேசி இலக்கம் என்ன? கேட்டவர்க்குத் தடுமாறாமல் விடை சொல்லும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை.

அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையின் கையிலேதான் இன்று கைத்தொலைபேசி இருக்கின்றது. முகந்தெரியாத ஒருவன் விளையாட்டுத் தோழனாக வந்து அதே ஐந்து கேள்விகளையும் கேட்கின்றான். பிள்ளையும் பழகியபடியே சொல்லிவிடுகின்றது. கோயில் வீதியில் சொல்ல வேண்டியதைத் திரையிலே சொல்லலாகாது என்று அப்பிள்ளைக்கு எடுத்துச் சொன்னவர் யார்? தாயா, ஆசிரியரா, அமைச்சா?

பிள்ளையைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. இந்தப் படலையைத் திறந்துவிட்டவர்கள் பெரியவர்களே. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரும் என்றார்கள். அடுப்படியில் ஒரு தொலைபேசி, அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் கடன்பட்டு இன்னொன்று வாங்கிய குடும்பங்கள் எத்தனை! பள்ளிகள் மீளத் திறந்தன. தொலைபேசிகள் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டன. இன்றும் வீட்டுவேலை வகுப்புக் குழுவிலேதான் வந்து விழுகின்றது. ஆனால் கணினிக் கல்வி தனிப்பாடமாகத் தொடங்குவதோ இடைநிலை வகுப்பில்! ஆறு வயதிலே கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுப் பதினொரு வயதிலே நீச்சல் பழக்குவோம் என்பது என்ன நியாயம்?

இது படித்தவர் வீட்டுச் சங்கதி, தோட்டக்காரனுக்கு என்ன என்று உரும்பிராயிலோ இருபாலையிலோ இருக்கும் கமக்காரர் எவரும் எண்ணிவிட வேண்டாம். களவு நடக்கும் வகையைச் சொல்லுகின்றோம், கேளுங்கள். வெங்காயம் விற்ற காசு வங்கியிலே இருக்கின்றது. அந்த வங்கிக் கணக்கின் திறப்பு உங்கள் தொலைபேசியிலே இருக்கின்றது. மாலையிலே அத்தொலைபேசி மகனுடைய கையில் விளையாட்டுப் பொருள். விளையாட்டிலே வந்த “அண்ணா” ஒருவன், உனக்கு இலவசமாக வைரம் தருகின்றேன், அம்மாவின் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தை மட்டும் சொல்லு என்கின்றான். சொன்ன மாத்திரத்தில் உங்கள் வட்ஸ்அப் அவன் வசமாகின்றது. சிறிது நேரத்தில் கனடாவிலுள்ள தமையனுக்கும் லண்டனிலுள்ள மருமகளுக்கும் உங்கள் பெயரால் செய்தி போகின்றது: அவசரம், பணம் அனுப்புக. காசு போனால் அடுத்த போகத்தில் உழைத்துக் கொள்ளலாம். பிள்ளையின் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மேலும் அனுப்பு, இல்லையேல் ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டுபவனிடம் அகப்பட்ட பிள்ளையை எப்படி மீட்பது?

அரசாங்கம் காக்கும் என்று சிலர் நம்பியிருக்கின்றனர். அதன் இலட்சணத்தையும் பார்ப்போம். 2024 ஏப்ரலில் கல்வி அமைச்சின் இணையத்தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்து, தாம் ஒரு மாணவர் என்றும், இத்தளத்தின் காவல் போதாது என்றும் எழுதிவைத்துச் சென்றார். 2025 டிசம்பர் இறுதியில், புதிய சீர்திருத்தத்திற்கென அச்சிடப்பட்ட ஆறாந் தரத்து ஆங்கிலப் பாட நூலிலே சிறுவர்க்குத் தகாத இணையத்தளம் ஒன்றின் பெயர் இடம்பெற்றிருப்பது வெளியாயிற்று. விநியோகம் நிறுத்தப்பட்டது, விசாரணை தொடங்கியது, 2026 ஜனவரியில் ஆறாந் தரச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. சூழ்ச்சி என்றனர் சிலர். கவனயீனம் என்றனர் சிலர். நமக்கு அந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. அச்சேறுமுன் அந்த முகவரியை ஒரு முறை தட்டிப் பார்க்க ஒருவருமே இல்லையா என்பதுதான் நம் கேள்வி.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2007இல் கணினிக் குற்றச் சட்டம், 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். கடைசியாகச் சொன்னதைச் சிறுவரின் பெயரையுஞ் சொல்லியே கொண்டுவந்தனர். அது பேசுவோர் வாயை அடைக்க உதவும் என்ற அச்சம் நமக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கு அதனால் விளைந்த நன்மை யாதென நமக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் நாட்டிலே எல்லாம் பத்திரம் என்றெண்ணுவோர்க்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில், பவர்ஸ்கூல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பள்ளிப் பதிவேடுகள், களவாடப்பட்ட கடவுச்சொல் ஒன்றைக் கொண்டு திறக்கப்பட்டன. ஆறு கோடி அளவான மாணவரின் விபரங்கள் பறிபோயின. நம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பயிலும் ரொறன்ரோப் பள்ளிச் சபையின் 1985 முதலான பதிவுகளும் அவற்றுள் அடங்கும். நிறுவனம் கப்பங் கட்டியது. கட்டிய பின்னும் 2025 மே மாதத்தில் பள்ளிச் சபைகளுக்கு மீண்டும் மிரட்டல் வந்தது. செய்தவன் 19 வயதுக் கல்லூரி மாணவன்! லண்டனிலே 2025 செப்டெம்பரில், கிடோ என்னும் பாலர் பள்ளிகளில் ஏறத்தாழ 8,000 குழந்தைகளின் விபரங்கள் களவு போயின. சில குழந்தைகளின் படங்களையும் முகவரிகளையும் கள்வர் வெளியிட்டே விட்டனர். அது தொடர்பில் கைதானவர் இருவரும் 17 வயதினர். பயமறியாது இவ்வித்தையில் இறங்குவோரும் பள்ளிப்பிள்ளைகளே என்பதை நம் ஆசிரியர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். எது பிறர் வளவு என்பதையும் அல்லவா சிறுவயதிற் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கின்றது!

ஆனால் அங்கே கள்வன் உடைத்து எடுத்தான். இங்கே நாமே வாரி இறைக்கின்றோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாளிலே முகநூலைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் படம், முழுப்பெயர், பள்ளிக்கூடம், புள்ளி, தந்தையின் உத்தியோகம், தாயின் உத்தியோகம்! பள்ளிக்கூடம் ஒருபுறம், ரியூற்றரி மறுபுறம், பழைய மாணவர் சங்கம் வேறொருபுறம் போட்டியிட்டு வெளியிடுகின்றன. பத்திரிகைகளாகிய நாமும் பக்கம் பக்கமாக வாழ்த்து விளம்பரம் அச்சிடுகின்றோம். நம்மை நாம் விலக்கிக்கொள்ளவில்லை. எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று பத்தாண்டு வழக்காடி, காணியின் பெறுமதியைப் பிரக்கிராசிமாருக்குக் கொடுக்கும் பரம்பரையினர் நாம். வேலியிலே ஒரு பொட்டு விழுந்தால் அன்றே ஓலை வைத்து அடைப்போம். பத்து வயதுப் பிள்ளையைச் சுற்றியிருந்த வேலியை மாத்திரம் நாமே பிடுங்கி எறிந்துவிட்டு, விருப்பக்குறி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம்!

இன்னொன்றையும் மனந்திறந்து பேசுவோம். தவறு நேர்ந்தால் பிள்ளை ஏன் வீட்டிலே சொல்வதில்லை? அடி விழும், தொலைபேசி பறிக்கப்படும், குடும்ப மானம் போயிற்று என்று தாய் அழுவாள். மிரட்டுகின்றவனின் முதல் ஆயுதம் இந்தப் பயந்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கின்றது. எனினும் அந்த இலக்கத்துக்கு முந்தியது தாய் தந்தையர் கொடுக்க வேண்டிய வாக்கு: என்ன நடந்தாலும் வந்து சொல்லு, அடிக்கமாட்டோம். இதைப் பெற்றார் கூட்டத்திலே அதிபர்கள் எடுத்துரைப்பார்களாக. தண்ணீர்க் கட்டணத்தையும் சிரமதானத்தையும் பற்றியே இரண்டு மணிநேரம் பேசிக் கலையும் கூட்டங்களை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம்.

பாடம் தமிழிலே வேண்டும்; இங்குள்ள பிள்ளைக்கு விளங்கும் தமிழிலே வேண்டும். கொழும்பிலே எழுதி மொழிபெயர்த்து அனுப்பும் துண்டுப்பிரசுரங்களின் தமிழை வாசித்து ஆசிரியர்களே திணறுகின்றனர். நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கு நல்ல பாடநூல் இல்லையென்று கண்டபோது தேசாதிபதிக்கு மனு எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே பள்ளிக்கூடம் வைத்தார், அச்சுக்கூடம் நிறுவினார், பாலபாடங்களைத் தாமே எழுதினார். இன்று கூப்பிடு தூரத்தில், திருநெல்வேலியிலே பல்கலைக்கழகமும் அதிலே கணினி விஞ்ஞானத் துறையும் இருக்கின்றன. கோப்பாயிலே ஆசிரியர் கலாசாலை இருக்கின்றது. துறை அறிந்தவரும் பிள்ளை மனம் அறிந்தவரும் கூடியிருந்து, மூன்றாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரைக்கும் முப்பது பக்கத்தில் ஒரு பாலபாடம் எழுத முடியாதா? கடவுச்சொல் என்பது என்ன, ஆறு இலக்கத்தை ஏன் சொல்லலாகாது, படம் கேட்டால் என்ன செய்வது, யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது: இவ்வளவுதானே! வாரத்தில் ஒரு பாடவேளை, அதனை வகுப்பாசிரியரே நடத்தலாம். கணினி அறையும் தேவையில்லை, கரும்பலகை போதும்.

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் கல்வியை மாகாணத்திடம் ஒப்படைத்தது. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து கலைந்தது; அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. சபைக்காகப் போராடுவோம், அது வேறு. இந்தப் பாடவேளைக்குச் சபை கூடித் தீர்மானிக்க வேண்டியதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ஒரு சுற்றுநிருபம் போதும். முறைப்பாட்டுக்கு வரும் தாயிடம் தமிழிலே எழுதி வாங்கித் தமிழிலே மறுமொழி கொடுப்பதும் சலுகையன்று; அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்கிலே தமிழை நிருவாக மொழியாக்கியிருக்கின்றது.

அடுத்த தவணை தொடங்குமுன் நல்லூர்க் கோட்டத்து ஆரம்பப் பள்ளி அதிபர்களைக் கல்விப் பணிமனை ஒரு நாள் அழைத்துப் பேசட்டும். எந்தப் பள்ளி முதலில் பாடவேளை ஒதுக்குகின்றதோ அதன் பெயரை இப்பத்தியில் வெளியிடுவோம். புலமைப்பரிசில் வாழ்த்து விளம்பரங்களிலே பிள்ளையின் படத்தையும் பெற்றார் விபரத்தையும் இனி நாம் அச்சிடப் போவதில்லை.