மகன் வகுப்பில் நானும் மாணவி!

எனக்கு வயது 42. எட்டாவது படிக்கும் மகன் இருக்கிறான். இந்த வயதில் சர்ச்சில் உறுதிப்பூசுதல் வாங்க வகுப்புக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள்.

மற்ற மதச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்கர்களுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்து விடுவார்கள். விவரம் தெரிந்த பிறகு, 'இந்த விசுவாசம் எனக்குச் சம்மதம்' என்று நாமே சொல்லி, ஆயர் கையால் நெற்றியில் தைலம் பூசிக்கொள்வதுதான் உறுதிப்பூசுதல். அப்பாவுக்கு ரயில்வே வேலை. ஊர் ஊராக மாற்றல். ஒவ்வொரு பங்கிலும் 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்றே எனக்குத் தள்ளிப் போய்விட்டது. கல்யாணமும் அவசரத்தில் முடிந்தது.

போன வருஷம் என் தங்கை, "அக்கா, என் பாப்பாவுக்கு நீதான் ஞானத்தாய்" என்றாள். பட்டுப்புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். பங்குச் சாமியார், "உங்க உறுதிப்பூசுதல் சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். உறுதிப்பூசுதல் பெறாதவர் ஞானத்தாயாக நிற்க முடியாதாம். தங்கையின் நாத்தனார் நின்றாள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக் கொண்டேன்.

அடுத்த ஞாயிறே வகுப்பில் பெயர் கொடுத்தேன். பிள்ளைகளோடு குட்டை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரே சிரிப்பு. என் மகனோ, "அம்மா, நீ பின்னாடி போய் உட்காரேன், ப்ளீஸ்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரெண்டு வாரத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

சிஸ்டரிடம் மனசைத் திறந்து சொன்னேன். அவர் புதன்கிழமை காலை 11 மணிக்குப் பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு வைத்தார். பூசையில் அறிவிப்பு வாசித்ததும் இன்னும் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள்! ஒருவருக்கு 60 வயது. இத்தனை நாள் யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயதில் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களை 'ஞானம், புத்தி, விமரிசை...' என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்திருக்கிறேன். இப்போது சிஸ்டர், "இந்த ஏழில் உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார். மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் அந்த 60 வயது அம்மா, "எனக்குத் திடம் வேணும் சிஸ்டர்" என்றார். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதிமூன்று வயதில் இது எனக்குப் புரிந்திருக்குமா?

எங்க அப்பத்தா, 'ஆயர் கன்னத்துல தட்டுவாரு, அழக்கூடாது' என்று பயமுறுத்தியதும் ஞாபகம் வந்தது. அந்த வழக்கம் 1971-ல் சடங்கைத் திருத்தியபோதே போய்விட்டதாம்.

அன்று என் தோளில் கைவைத்து நின்றது யார் தெரியுமா? குழந்தையில் எனக்கு ஞானத்தாயாக நின்ற அதே அத்தை! மதுரையிலிருந்து பஸ்சில் வந்திருந்தார். "இத்தனை வருஷக் கடன் இன்னிக்குத்தான்டி தீர்ந்துச்சு" என்று கன்னத்தை வழித்தார்.

பங்குச் சாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பெயரை எழுதும்போது, "அம்மா, நீங்க வாங்கியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர்களைப் பிள்ளைகளோடு உட்கார வைக்காமல், சமையல் முடிந்த நேரமாகப் பார்த்து வகுப்பு வையுங்கள்.

சகோதரிகளே, நீங்களும் 'இந்த வயசுல எதுக்கு?' என்று தள்ளிப் போடாதீர்கள். முதலில் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி சான்றிதழ் வாங்குங்கள். உறுதிப்பூசுதல் ஆன விவரத்தையும் அங்குள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் குறிப்பார்கள். தங்கைக்கு அடுத்த குழந்தை பிறந்தால் பட்டுப்புடவையோடு நான் ரெடி. நீங்கள்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.