காவலூர் ஆடியும் ஆம்பூர்ப் பட்டறையும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பெங்களூர் இந்திய வான்பௌதிகக் கழகத்தின் பட்டறையில் நம்மவர் கைகளாலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டதென்பதை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் கீர்த்தியைப் பேசும் நம்மில் அநேகர் நினைப்பதில்லை. அத்தொலைநோக்கியைச் சங்கற்பித்த வானியலாளர் வைணு பாப்பு 1982-இலேயே காலமானார். அதன் வழியே விண்ணைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் வளைவிலுள்ள பிழையோ அதிலும் சிறு பின்னமாக இருத்தல் வேண்டும். ஆகவே சிறிது தேய்ப்பதும், ஒளியைக் கொண்டு சோதிப்பதும், மேடு தென்பட்ட இடத்தில் மீண்டும் தேய்ப்பதுமாகவே அவ்வேலை நடைபெறும். சோதனை காட்டாத பிழையை எத்துணைத் தேர்ந்த கையாலும் திருத்த இயலாது.

இந்த நியாயம் தோல் தொழிலுக்குக் கருவி செய்யும் நமது லேத் பட்டறைகளுக்கும் பொருந்தும். தோலுக்குப் பளபளப்பேற்ற அழுத்தும் எஃகுத் தகட்டில் ஆழ்ந்த கீறல் ஒன்றிருப்பின், அது தோல்தோறும் பதிந்துவிடும். வைரமுனை கொண்ட கருவியை மேற்பரப்பில் இழுத்து, மேடுபள்ளங்களின் சராசரியைக் கணக்கிடுவதே வழக்கம். ஆனால் ஒரே சீரான பொடிச் சொரசொரப்புள்ள தகடும், வழுவழுப்பின் நடுவே ஒற்றைக் கீறலுள்ள தகடும் ஒரே சராசரியைக் காட்டக்கூடும். நானோமீட்டர் அளவிலான நுண்வேலையிலோ, சில மைக்ரான் ஆரமுள்ள அம்முனை குறுகிய பள்ளங்களுக்குள் இறங்காது. அவற்றிற் பலவற்றை ஒளியலைகளின் குறுக்கீட்டைக் கொண்டே அளந்தறிய வேண்டும். சராசரி எண்ணை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்புவது பெருந்தவறு.

தோலைத் தடவியே தரம் பிரிக்கும் நம் தொழிலாளரின் விரல்ஞானம் வணங்கத்தக்கது. எனினும் அதைக் காகிதத்தில் எழுதி வெளிதேசத்து வியாபாரிக்கு அனுப்ப முடியாது. ஆதலின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குப் பொதுவாக, அரசாங்கப் பாலிடெக்னிக் ஒன்றில், சிறு பட்டறைக்காரரும் சொற்பக் கட்டணத்தில் அணுகத்தக்க அளவைச்சாலை ஒன்றை அரசு நிறுவ வேண்டும். கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதோடு நில்லாமல், அதைக் காலந்தோறும் மூலப்படிவத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரமாக நியமிப்பதும், ஒவ்வொரு சான்றிலும் எவ்வளவு நீளம் அளக்கப்பட்டது, எந்த முனையால் அளக்கப்பட்டது என்பதோடு மிக ஆழ்ந்த பள்ளத்தின் அளவையும் பொறிப்பதும் அவசியம்.