அஞ்சலோட்டமும் அதிர்ஷ்டமும்

அஞ்சலோட்டம் அதிர்ஷ்டத்தின் விளையாட்டு என்று சொல்வோர் பலர். நால்வர் ஓடுகின்றனர், மூன்றிடத்திற் கோல் கைமாறுகின்றது, கை தவறினாற் போயிற்று, தவறாவிடின் வென்றாயிற்று, இதிலே பயிற்சியென்ன, கொள்கையென்ன என்பது அவர்தம் வாதம். 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் ஆடவர் 4×100 மீற்றர் அஞ்சலோட்டம் முடிந்த பின்னரும் இவ்வாதத்தையே பலர் வாயிலாகக் கேட்டேன். அமெரிக்கருக்கு அன்று கிரகம் சரியில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கிரகத்தின் மேற் பழியைப் போடுவது நமக்குப் பழகிப்போன வழி. எனக்கு அது உடன்பாடன்று. அதற்கான காரணங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நடந்தது என்ன? ஆகஸ்ட் 8 ஆம் நாள் நடந்த தகுதிகாண் சுற்றில் அமெரிக்கர் 37.47 செக்கனில் ஓடி எல்லாரிலும் முந்தி நின்றனர். கோல்மன், கேர்லி, கிங், லிண்ட்சி என்பது அன்றைய வரிசை. மறுநாள் இறுதியோட்டம். 200 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் பெற்ற பெட்னரெக் புதிதாகச் சேர்க்கப்பட்டு இரண்டாம் இடத்தில் நிறுத்தப்பட்டார். முதல் நாள் அவ்விடத்தில் ஓடிய கேர்லி ஈற்றிடத்துக்குப் போனார். வெடி முழங்கியது. கோல்மன் வந்து சேருமுன்னரே பெட்னரெக் புறப்பட்டுவிட்டார். பின்னர் தயங்கி வேகத்தைக் குறைத்தார். வந்தவரும் நின்றவரும் முட்டிமோதிக் கோலை மாற்றியபோது மாற்றுவலயம் கடந்துபோயிற்று. அணி தகுதியிழந்தது. தங்கம் கனடாவுக்கு, நேரம் 37.50. அமெரிக்கர் முதல் நாள் ஓடிய நேரம் மறுநாள் உலகத்தை வென்ற நேரத்திலும் சிறந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வேகம் இருந்தது. கால்களும் இருந்தன. இல்லாதது எது?

கனடாவின் நால்வரைப் பார்ப்போம்: ஆரொன் பிரவுண், ஜெரோம் பிளேக், பிரெண்டன் றொட்னி, அன்ட்ரே டி கிராஸ். இவர்களுள் ஒருவரேனும் பாரிஸில் 100 மீற்றர் இறுதியோட்டத்தில் இல்லை. 200 மீற்றர் இறுதியோட்டத்திலும் இல்லை. ஆனால் இதே நால்வர், இதே வரிசையில், 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஓடினர். 2022 இல் யூஜின் நகரத்து உலக மெய்வல்லுநர் போட்டியில் 37.48 செக்கனில் அமெரிக்கரை அவர்தம் மண்ணிலேயே வென்றனர். நால்வருள் மூவர், 2016 இல் றியோவில் வெண்கலம் பெற்ற அணியிலும் ஓடியவர்கள். எட்டு ஆண்டுக் கூட்டு அது. அந்தக் கூட்டுக்கு அதிர்ஷ்டம் என்று பெயரிடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பண்டிதர் தொழில் அப்படிப்பட்டது. இவ்வோட்டத்தைத் தமிழகத்துப் பத்திரிகைகள் தொடர் ஓட்டம் என்று எழுதும். நாம் அஞ்சலோட்டம் என்கிறோம். நம் சொல்லே பொருந்திய சொல் என்பது என் துணிபு. தொடர்வது மட்டும் இதன் இலக்கணம் அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொருள் போய்ச் சேருவதே இலக்கணம். முற்காலத்து அஞ்சற்காரர் பையை இடத்துக்கிடம் மாற்றிக் கொடுத்து ஓடினர். ஓடியவர் எவர் என்பதை ஊரார் கேட்கவில்லை, கடிதம் வந்ததா என்றே கேட்டனர். இன்றைய விதியும் அவ்வாறே. வலயத்துக்குள் இருக்க வேண்டியது ஓடுவோனின் காலோ உடலோ அன்று; கோல். அதன் இருப்பிடத்தையே நடுவர் பார்க்கிறார். 28 முதல் 30 சதமமீற்றர் வரை நீளமுள்ள, உள்ளே துளையுள்ள, 50 கிராமிற் குறையாத அச்சிறு குழாய்தான் உண்மையில் 400 மீற்றர் ஓடுவது. மனிதர் அதைச் சுமப்போர் மாத்திரமே.

இனி அக்கைமாற்றம் நடக்கும் விதம். வலயத்தின் நீளம் 30 மீற்றர். (2017 ஆம் ஆண்டு வரை 20 மீற்றர் வலயமும் அதற்கு முன்னே வேகமெடுக்க 10 மீற்றருமாக இருந்தது, பின்னர் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன.) வாங்குபவன் தன் ஓடுபாதையில் ஓர் ஒட்டுத்தாளால் அடையாளம் இடுகிறான். கொடுப்பவன் அவ்வடையாளத்தைத் தாண்டிய கணத்தில் இவன் புறப்பட வேண்டும். புறப்பட்டபின் திரும்பிப் பார்த்தலாகாது. பின்னாலிருந்து குரல் வரும். கை பின்னே நீளும். நீண்ட கையிற் கோல் வந்து விழும். இதிலே வாங்குபவன் நம்புவது எதை? கொடுப்பவன் ஓட்டத்தின் கடைசிப் பத்து மீற்றரில் எவ்வளவு தளர்வான் என்ற கணக்கை. அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை. நூறு முறை அவனோடு ஓடிப் பார்த்தவனுக்கே அது தெரியும். அடையாளத்தை ஓரடி தள்ளி இட்டால் மோதல். ஓரடி எட்டி இட்டால் எட்டாமை. கொடுப்பவன் மாறினால் அடையாளமும் மாற வேண்டும். பாரிஸில் முதல் நாள் ஒருவருக்கும் மறுநாள் மற்றொருவருக்கும் கோல்மன் கோலை நீட்டினார். கேட்டையும் மூலமும் செய்த வேலையா இது?

எங்கள் இலக்கணத்திற் புணர்ச்சி என்றோர் இயல் உண்டு. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்தில் நிகழ்வதை அது ஆராய்கின்றது. சொற்கள் தனித்து நிற்கும்போது ஒரு தன்மை, கூடுமிடத்தில் வேறு தன்மை. சிலவிடத்து இயல்பாகப் பொருந்தும்; சிலவிடத்து ஓர் எழுத்துத் தோன்றும், திரியும், கெடும். தனிச்சொல்லின் பொருள் மட்டும் அறிந்தவன் புணர்ச்சியிற் பிழைவிடுவான் என்று மாணாக்கருக்கு நாள்தோறும் சொல்லி வருகிறேன். அஞ்சலோட்டத்தையும் அப்படியே காண்கிறேன். பாரிஸில் அமெரிக்கர் செய்தது கெடுதல் விகாரம் என்று மாணவன் ஒருவன் சொன்னபோது அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுக்க மனம் வந்தது.

என்னோடு கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவர் இதனை ஏற்கமாட்டார். நால்வரின் தனி நேரங்களையும் கூட்டுங்கள், குறைந்த கூட்டுத்தொகையே வெல்லும், மிகுதி எல்லாம் பண்டிதர் கற்பனை என்பார். அவருக்கு அவருடைய கணக்காலேயே விடை கூறலாம். 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஜமெய்க்கா நாட்டினர் நாட்டிய உலக சாதனை 36.84 செக்கன். நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 9.21. தனி ஓட்டத்திலே உசெய்ன் போல்ற் 2009 இல் நாட்டிய சாதனையோ 9.58. உலகத்து அதிவேக மனிதனிலும் நால்வரின் சராசரி விரைவானது! காரணம் வெளிப்படை: முதல்வன் ஒருவனே நின்ற நிலையிலிருந்து தொடங்குகிறான், மற்ற மூவரும் ஓடிக்கொண்டே கோலைப் பெறுகின்றனர். ஆகவே ஆதாயம் முழுவதும் கைமாறும் இடத்திலே கிடக்கின்றது. அவ்விடத்திற் செக்கனின் பத்திலொரு பங்கைத் தேடுவோனும் இழப்போனும் உண்டு. கூட்டற் கணக்கில் அது வராது.

2016 இல் யப்பானியர் இதனை மெய்ப்பித்தனர். யமகட்டா, ஈசுக்கா, கிரியு, கேம்பிரிஜ் என்ற அந்நால்வருள் 100 மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் ஓடியவர் அன்று ஒருவரும் இல்லர். ஒருவரும் அந்த விழாவில் 100 மீற்றர் இறுதிக்கு வரவும் இல்லை. ஆயினும் 37.60 செக்கனில் ஓடி, போல்ற் ஓடிய ஜமெய்க்காவுக்கு அடுத்ததாக வெள்ளி பெற்றனர். உலகத்தார் பெரும்பாலும் கோலை மேலிருந்து கீழாக வைத்துக் கொடுக்க, இவர்கள் கீழிருந்து மேலாகக் கொடுத்தனர். அதனால் வாங்குபவன் கையை உயரத் தூக்க வேண்டியதில்லை. ஓட்டத்தின் நிலை குலைவதில்லை. கை நீட்டத்தால் வரும் தூர ஆதாயம் குறைவுதான். அக்குறையைப் பயிற்சியால் ஈடுசெய்தனர். அதே ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த அமெரிக்கர், வலயம் தொடங்குமுன்னரே கோல் கைபட்டதென்று பின்னர் நீக்கப்பட்டனர்.

அமெரிக்கரின் வரலாற்றைச் சிறிது புரட்டுவோம். 1960 இல் உரோமாபுரியில் முதலாவதாக வந்தும், கைமாற்றம் வலயத்துக்கு வெளியே நிகழ்ந்ததால் தங்கத்தை ஜேர்மனியருக்கு விட்டனர். 1988 இல் சியோலிற் தகுதிகாண் சுற்றிலேயே தகுதியிழந்தனர். 2008 இல் பெய்ஜிங்கிற் கோல் நிலத்தில் விழுந்தது. 2016 இன் கதை மேலே சொன்னது. 2021 இல் டோக்கியோவிற் தகுதிகாண் சுற்றில் ஆறாவதாக வந்தனர். பின்னர் பாரிஸ். ஒலிம்பிக்கில் இவ்வோட்டத்தில் அவர்கள் கடைசியாகத் தங்கம் பெற்றது 2000 இல், சிட்னியில். ஒருமுறை தவறினால் விதி எனலாம்; தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்திலே தவறினால் அதற்கு வேறு பெயர் உண்டு. ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று: உலக மெய்வல்லுநர் போட்டிகளில் 2019, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்றவர்களும் அவர்களே. கோலை ஒழுங்காக மாற்றிய நாளில் அவர்களை வெல்வார் அரியர். யப்பானியரும் 2021 இல் தம் சொந்த நகரிலே முதற் கைமாற்றத்தில் தவறி ஓட்டத்தை முடிக்காமல் நின்றனர். வேகம் வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. வேகமுள்ளவரைப் பொறுக்கி எடுத்ததோடு அணி ஆக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவதையே மறுக்கிறேன்.

அதிவேகமுள்ளவரே ஓடவேண்டும் என்ற நியாயம் எப்போதும் மாசற்றதாகவும் இருந்ததில்லை. 1936 இல் பேர்லினில், யூதர் இருவர், மாட்டி கிளிக்மன், சாம் ஸ்ரோலர் என்போர், அஞ்சலோட்டத்துக்கென்றே பயிற்சி பெற்று வந்தவர்கள், ஓட்டம் அணித்தாகிய வேளையில் நீக்கப்பட்டனர். ஜெசி ஓவன்ஸும் மெற்காபும் அவர்க்குப் பதிலாக ஓடினர். ஜேர்மனியர் விரைவான ஓட்டக்காரரை ஒளித்து வைத்திருக்கின்றனர், ஆதலின் நம் அதிவேகமுள்ளவர் ஓட வேண்டும் என்பது பயிற்றுநர் சொன்ன காரணம். அவ்வாறு ஒளிக்கப்பட்டவர் எவரும் வெளிப்படவில்லை. அமெரிக்கர் 39.8 செக்கனில் வென்றனர்; இரண்டாவதாக வந்த இத்தாலியர் 41.1. பழைய நால்வரே ஓடியிருப்பினும் தங்கம் தப்பியிராது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தாம் யூதராதலாலே நீக்கப்பட்டோம் என்று கிளிக்மன் பின்னாளிற் பலமுறை சொன்னார். அவர் சொன்னதையே யானும் நம்புகிறேன்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. நால்வருள் ஒருவன் ஊக்கமருந்து உட்கொண்டான்; மற்ற மூவரும் குற்றமற்றோர். பதக்கத்தை நால்வரிடமிருந்தும் பறித்தல் நீதியா? 2008 இல் பெய்ஜிங்கில் 37.10 செக்கனில் வென்ற ஜமெய்க்கா அணியில் நெஸ்ரா கார்ட்டரின் மாதிரி பிற்காலத்தில் மறுபடி சோதிக்கப்பட்டு, 2017 இல் அணி முழுவதும் தங்கத்தை இழந்தது. உசெய்ன் போல்ற்றின் ஒன்பது ஒலிம்பிக் தங்கங்கள் எட்டாயின. 2021 இல் டோக்கியோவில் இத்தாலிக்கு அடுத்ததாக, நூற்றிலொரு செக்கன் பின்னே வந்த பிரித்தானியர், தம்முள் ஒருவர் மருந்தால், அடுத்த ஆண்டில் வெள்ளியை இழந்தனர். அது கனடாவுக்குப் போயிற்று. இது கொடுமை, ஒருவன் பாவத்துக்கு மூவரைத் தண்டிப்பதா என்று இரங்குவோர் உளர். அவ்விரக்கம் எனக்கும் உண்டு.

ஆயினும் விதி சரியென்றே கருதுகிறேன். மூவரும் தண்டிக்கப்படவில்லை, அவர்களுக்குத் தடையும் இல்லை, குற்றப் பெயரும் இல்லை. அவர்கள் இழந்தது ஒரு நேரத்தை. அந்த 37.10 செக்கன் நால்வருக்கும் பொதுவானது. அதனைப் பகுத்து, இந்தக் கால்வாசி தூயது, இந்தக் கால்வாசி அழுக்கானது என்று நிறுக்கும் தராசு இல்லை. கோல் ஒன்றே ஓடியது. அது ஓரிடத்தில் முறைகேடாக விரைந்தது. மேலும், இழந்தோருக்காக இரங்குவோர் பெறாதோரை மறந்துவிடுகின்றனர். அன்று வெள்ளியோடு ஊர் திரும்பிய றினிடாட் நாட்டு நால்வருக்கும் வெண்கலத்தோடு திரும்பிய யப்பானியருக்கும், தத்தமக்குரிய நிறம் வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. அரங்கில் எழுந்து நின்ற கூட்டத்தின் முன்னே தம் நாட்டுக் கீதத்தைக் கேட்கும் பேறு றினிடாட்டினருக்கு எந்தத் தீர்ப்பாலும் கிடைத்திலது. குற்றமற்ற மூவருக்காக ஒரு கண்ணீர் விடுவோர், குற்றமற்ற இந்நால்வருக்காக இரண்டு விடலாம்.

பத்திரிகையாளருக்கும் ஒரு விண்ணப்பம். பாரிஸ் முடிவை நம் நாட்டுப் பத்திரிகைகள் சில, டி கிராஸ் வென்றார் என்ற பொருள்பட எழுதின. ஈற்றில் ஓடியவன் நாடாவைத் தொடுகிறான், படமும் அவனுக்கே. வளைவில் ஓடிய முதல்வனையும் மூன்றாமவனையும் படம்பிடிப்பார் இல்லை. நான்கு பெயரையும் ஓடிய வரிசையில் அச்சிட எத்தனை எழுத்துச் செலவாகும்? அடுத்த ஒலிம்பிக் விழா 2028 இல் லொஸ் ஏஞ்சலிஸில். அமெரிக்கர் தம் வீட்டு முற்றத்தில் ஓடுவர். இறுதியோட்டத்துக்கு முன்னர் அவர்களுடைய வரிசை வெளிவரும்போது, யார் அதிவேகமுள்ளவர் என்று பார்க்கமாட்டேன். முதல் நாள் கோல் கொடுத்தவனும் வாங்கியவனும் மறுநாளும் அடுத்தடுத்து நிற்கின்றனரா என்றே பார்ப்பேன்.