சுகியாக்கிக்கு வயது ஆயிரமா?

ஜப்பானுக்குச் சென்று திரும்பும் நம் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. தத்தாமிப் பாய் விரித்த அறை, தாழ்ந்த மேசை, நடுவே கொதிக்கும் இரும்புச் சட்டி, கிமோனோ அணிந்த பெண்மணி. அடுத்த பத்தியில் ‘ஆயிரமாண்டு மரபு’; அதற்கும் அடுத்ததில் ஜென். சட்டியில் வேகும் மாட்டிறைச்சி அங்கே எப்படி வந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் மரபு என்ற சொல்லை எழுதப் பேனா கூசியிருக்கும். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை வேளாண் பருவத்தில் உண்ணலாகாதென்று பேரரசர் தென்மு ஆணையிட்டது 675இல். அதன்பின் பல நூற்றாண்டுகள் இறைச்சி விலக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. (மருந்து என்று பெயர் சொல்லி உண்டவர்கள் உண்டு, நாவுக்கு எந்த நாட்டிலும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.) துறைமுகங்கள் அயலாருக்குத் திறந்த பிறகு, 1860களில்தான் யோகோஹாமாவில் ‘கியூநாபே’ எனும் மாட்டிறைச்சிச் சட்டிக் கடைகள் தோன்றின. 1871இல் கனகாகி ரோபுன் அக்கடைகளுக்கு வந்துபோகும் புதுநாகரிகரைப் பகடி செய்து ‘அகுரானாபே’ எழுதினார். மறு ஆண்டு பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி ஊரறியச் சொல்லப்பட்டது. ஆக, இவர்கள் மெய்சிலிர்க்கும் தொன்மைக்கு வயது சுமார் நூற்றைம்பது. ஷாபு-ஷாபு இன்னும் இளையது; ஒசாகா உணவகமொன்று அதற்கு அப்பெயரைச் சூட்டியது 1952இல்.

சுவையில் எனக்குப் பிணக்கில்லை. கன்சாய் வட்டாரத்தில் கொழுப்புத் தடவிய சட்டியில் முதலில் இறைச்சியை இட்டு, சர்க்கரையும் சோயா சாறும் சேர்த்து வாட்டுவார்கள். தோக்கியோ பக்கம் கலந்து வைத்த சாற்றை முன்னதாகவே ஊற்றிவிடுவார்கள். வெந்த துண்டைப் பச்சை முட்டையில் தோய்த்து வாயிலிடும்போது சூடும் இனிப்பும் ஒருங்கே அடங்கி நாவில் வழுக்கும் அந்தக் கணம் அருமையானது. இறைச்சியின் சாறேறிய தோஃபுவும் வெங்காயத்தாளும் இறைச்சியையே விஞ்சும் என்பேன். அந்த இன்பத்துக்கு ஜென் எதற்கு?

என் சினம் வேறிடத்தில். விலங்கை அறுத்தவர்களையும் தோல் பதனிட்டவர்களையும் தீட்டுடையோரென ஊருக்கு வெளியே ஒதுக்கிய சமூகம் அது. பேரரசர் இறைச்சி உண்பதற்கு முந்தைய ஆண்டு, 1871இல், அவ்விழிநிலை சட்டத்தால் நீக்கப்பட்டது. இறைச்சி நாகரிகத்தின் அடையாளமாயிற்று. அறுத்தவர் மேலிருந்த தீட்டு அகலவில்லை. புராகுமின் மக்கள் 1922இல் சுயிஹேய்ஷா என்ற தம் இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தது அதனால்தான். சொந்த ஊரின் சாதியைப் பக்கம் பக்கமாய்ச் சாடும் எழுத்தாளர், விமானம் ஏறியதும் தீட்டையும் சேர்த்து ‘மரபு’ என்று விழுங்கிவிடுவது எப்படி?

தோக்கியோவில் ஷினகாவா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் ஷிபாவுரா இறைச்சிச் சந்தை இருக்கிறது. அங்கே பணிபுரிவோரை இழித்து வசைக் கடிதங்கள் வந்ததுண்டு. அப்பாகுபாட்டை விளக்கும் தகவல் மையம் ஒன்றும் அதே வளாகத்தில் உள்ளது. நம் பயணக் கட்டுரைகளில் அந்த இடத்தின் பெயரை இதுவரை நான் கண்டதில்லை.