தொண்ணூறு விழுக்காடு, எத்தனை பேரில்?

2021 அக்டோபர் 11. பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டார்கள் என்று மாநில எல்லைகளைத் திறந்துவிட்ட நாள். பிரிஞ்சாங்கில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் தொலைக்காட்சிச் செய்தி பார்த்த பாட்டி, சிங்கப்பூரிலிருந்த மாமாவுக்கு உடனே போன் போட்டார். "ஒங்க ஊர்ல எம்பது சொச்சந்தான், எங்க ஊர்ல தொண்ணூறு. நாங்க முந்திட்டோம்டா!"

நானும் கைதட்டினேன். ஐந்தாம் படிவத்தில் இருந்த எனக்கு அப்போது வயது 17. என்னைச் சேர்க்காமலே வந்த 90 அது என்பது பிறகுதான் உறைத்தது.

தமிழ்ப்பள்ளியில் பின்னம் படித்தது நினைவிருக்கிறதா நண்பர்களே? கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. வில்லங்கமெல்லாம் கீழேதான். அன்று மலேசிய மக்கள்தொகை 32.7 மில்லியன், அதில் பெரியவர்கள் 23.4 மில்லியன் என்று கணக்கு. அவர்களில் 90 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 21 மில்லியன் பேர். அதே 21 மில்லியனை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 64தான் வரும். சிங்கப்பூரோ குழந்தைகளையும் சேர்த்து, மொத்த மக்கள்தொகையை வைத்தே ஆகஸ்டு இறுதியில் 80ஐத் தொட்டது. பாட்டி ஜெயித்த பந்தயத்தில் இருவரும் ஓடிய தூரம் வேறு வேறு.

நம் அரசு மறைத்தது என்று சொல்ல வரவில்லை. சுகாதார அமைச்சின் கோவிட்நவ் தளத்தில் இரண்டு விழுக்காடும் இருந்தன. ஆனால் தலைப்புச் செய்தியில் பெரிய எண்தானே ஏறும்! அதே மாதம் 21ஆம் தேதி இந்தியா 100 கோடி என்று கொண்டாடியது. அது ஊசிகளின் எண்ணிக்கை. இரண்டு ஊசியும் போட்டவர்கள் அன்று 30 கோடியை எட்டவில்லை. ஜிப்ரால்டரில் விழுக்காடு 100ஐயே தாண்டியது. ஸ்பெயினிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்களுக்கும் அங்கே ஊசி போட்டார்கள். மேலே அவர்களை எண்ணினார்கள், கீழே எண்ணவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. இங்கே தேயிலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்வோரில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் நிறையப் பேர். ஆவணமில்லாத ஒருவர், பிடித்துவிடுவார்களோ என்று பயந்து ஊசிக்கும் வராமல், மக்கள்தொகைக் கணக்கிலும் சேராமல் இருந்தால், அவர் கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கிருமி அவரை விட்டுவைக்காது. விழுக்காடு மட்டும் ஒரு புள்ளிகூடக் குறையாது.

சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டு காத்திருந்தவர் எங்கள் பாட்டி. போன தீபாவளிக்கு இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அப்ப அவங்களையும் சேத்து எண்ணச் சொல்லு" என்றார். மாமாவிடம் ஜெயித்ததை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.